வெலிமடையில் நின்றுபோன ஒஸ்டின்

பண்டாரவளை
2025 மார்ச் 9

செல்வி மதுஷா அவர்களுக்கு,

கிருஷ்ணராஜ் எழுதுவது. இங்கே நானும் என் அம்மா இராக்கம்மாவும் சுகம். அங்கேயும் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

போனை நீங்கள் ஒவ்வொரு தரமும் பாதியில் வைத்துவிடுவதால்தான் இந்தக் கடிதம். தபால் கந்தோரில் வேலை செய்கிறவர் கடிதம் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாதல்லவா?

விஷயம் இதுதான். அவருடைய கருமாதி முடிந்த கையோடு நீங்கள் லொறியில் ஏற்றி அனுப்பிய ஒஸ்டின் கார் என் ஹார்ட்வெயார் கடைக்குப் பின்னால் நிற்கிறது. "கார் கிருஷ்ணராஜுக்கு" என்று அவர் கடைசியாகச் சொன்னதாக லொறிக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். சொன்னவர் முழுக் காரையும்தான் சொல்லியிருப்பார். என்ஜினைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. தகரம் உக்கிய இடமெல்லாம் வெட்டி ஒட்டியாயிற்று. பிரேக் புதிது. நேற்று என் மெக்கானிக் ஷிபான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "அண்ணே, ஸ்டியரிங்கைச் சுத்துனா ஸ்டியரிங் மட்டுந்தான் சுத்துது. டயர் அசையல. டிராப் ஆம் காணோம்" என்றான்.

டிராப் ஆம் என்பது ஸ்டியரிங் பெட்டிக்குக் கீழே தொங்குகிற இரும்புக் கை. ஸ்டியரிங்கைத் திருப்புகிற திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். அது இல்லாத வண்டி வெறும் தகரப் பெட்டி.

உங்கள் வீட்டில் யார் அதைப் பழைய இரும்புக்குப் போட்டது? எந்தக் கடையில் போட்டது? கடையின் பெயரைச் சொன்னால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் தங்கை ஜீவராணியின் மகளுக்கு ஆவணியில் கலியாணம். பெண் அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போக வேண்டும். ஏன் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் அம்மாவைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
க. கிருஷ்ணராஜ்


வெலிமடை
2025 மார்ச் 22

திரு. கிருஷ்ணராஜ் அவர்களுக்கு,

உங்கள் சுகத்தை விசாரிக்கிற அளவுக்கு நமக்குள் பழக்கம் இல்லை. உங்கள் அம்மா வயதானவர். அவர் நன்றாக இருக்கட்டும்.

போனை நான் வைத்தது, என் அம்மாவை நீங்கள் "அவ" என்று சொன்னதால். எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. "யார் இரும்புக்குப் போட்டது" என்று பொலிஸ்காரர் மாதிரி கேட்கிறீர்கள்.

யாரும் போடவில்லை. இரும்புக்குப் போடுகிறவர்களாக இருந்தால் முழுக் காரையுமே போட்டிருப்போம். உருளைக்கிழங்குச் சாக்கு அடுக்க இடமில்லாமல் நாங்கள் திண்டாடிய காலத்திலும் அது தகரக் கொட்டகைக்குள் முழு இடத்தையும் அடைத்துக்கொண்டு நின்றது. பின் சீட்டில் கோழி முட்டையிட்டது. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலிருந்து அந்த வண்டி ஓடி நான் பார்த்ததில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அதில் ஏறி உட்கார்ந்து சும்மா ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருப்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, "நுவரெலியா போவோம்ப்பா" என்பேன். "போயிட்டுத்தானே இருக்கோம்" என்பார். வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இன்னொன்று. கடிதம் முழுக்க "அவர்" என்றே எழுதியிருக்கிறீர்கள். கொள்ளி வைத்த மகன் "அப்பா" என்று எழுதினால் கை உடைந்துவிடாது. அன்றைக்குக் கொள்ளி வைத்துவிட்டு, என் அம்மா நீட்டிய தேத்தண்ணியை வாங்காமல் திரும்பிப் போனீர்களே, அதை இங்கே யாரும் மறக்கவில்லை.

மதுஷா


பண்டாரவளை
2025 ஏப்ரல் 4

மதுஷாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகத்துக்குக் குறைவில்லை.

தேத்தண்ணிக் கணக்கைப் பிறகு பார்ப்போம். ஒரு மாதமாக நான் எங்கெங்கே அலைந்தேன் என்று தெரிந்துகொள். பதுளையில் இத்ரூஸ் நானாவின் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். "அந்தக் கம்பெனியே இப்ப இல்லயே தம்பி, நீங்க அதோட கையைத் தேடுறீங்க" என்று சிரித்தார். பிறகு மனமிரங்கி, பின்கட்டில் கிடந்த வேறொரு ஒஸ்டினின் டிராப் ஆம் ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தார். பல் பொருந்தவில்லை. கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் இங்கே ஒரு லேத் பட்டறைக்காரர் வெட்டி ஒட்டிச் செய்து தருகிறேன் என்றார். ஷிபான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். "ஒட்டு வெச்ச ஆம் ஸ்பிரிங்வெளி எறக்கத்துல ஒடைஞ்சா, பொண்ணைப் பள்ளத்துல எறங்கித்தான் தேடணும். வேற ஆளப் பாருங்க, அண்ணே."

அவன் இன்னொன்றும் காட்டினான். அந்த ஆம் தானாகக் கழன்று விழாது. நட்டைக் கழற்றி, புல்லர் போட்டு இழுத்தால்தான் வரும். கழற்றிய ஆள், நட்டு தொலையக் கூடாதென்று அதைத் திரும்பவும் அதே இடத்தில் கையால் முடுக்கி வைத்திருக்கிறான். திருடன் நட்டை மாட்டிவிட்டுப் போவானா? இரும்பு விற்கிறவன் மாட்டுவானா? வண்டி ஓடக்கூடாது என்று நினைத்த யாரோதான் கழற்றியிருக்க வேண்டும்.

இப்போது கேள். எங்களை விட்டுவிட்டு அவர் உன் அம்மாவோடு வெலிமடைக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அதன் பிறகு, நாங்கள் பதுளைக்கு மேலே ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில் குடியிருந்தபோது, ஜீவராணிக்குக் கலியாணம் வந்தது. அவர் ஆள் அனுப்பி, "காரோட நான் வர்றேன், பொண்ணு என் வண்டியிலதான் கோயிலுக்குப் போகணும்" என்று சொன்னார். அம்மா நம்பினாள். லயமே நம்பியது. பெண் சோடித்து வாசலில் நின்றாள். கார் வரவில்லை. முகூர்த்தம் தவறப் போகிறதென்று கடைசியில் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறியைக் கெஞ்சி வாங்கி அதில் ஏற்றினோம். பட்டுச் சேலையோடு, கொழுந்துச் சாக்கின் மேலே. அவர் நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்று கன்னிகாதானம் செய்தேன். மாப்பிள்ளை வீட்டார் அவளுக்கு வைத்த பெயர் லொறிப் பொண்ணு. இன்றைக்கும் அவள் மாமியார் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

இரண்டு நாள் கழித்து, "வண்டி பழுதாப் போச்சு" என்று சொல்லி அனுப்பினார். பொய் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தோம். இப்போது பார்த்தால் யாரோ பழுதாக்கியிருக்கிறார்கள்.

டிராப் ஆமின் படத்தை ஷிபான் வரைந்து தந்தான். இதோடு வைத்திருக்கிறேன். உன் அம்மாவிடம் காட்டு.

கிருஷ்ணராஜ்


வெலிமடை
2025 ஏப்ரல் 24

திரு. கிருஷ்ணராஜ் அவர்களுக்கு,

படம் கிடைத்தது. அப்படி ஒரு சாமான் எங்கள் வீட்டில் இல்லை.

என்னை "நீ" என்று எழுத வேண்டாம். அண்ணன் என்றால் எழுதலாம். "இவ எனக்குத் தங்கச்சி இல்ல" என்று சுடுகாட்டில் அத்தனை பேருக்கு முன்னால் சொன்னது நீங்கள்தான்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. சீனி வருத்தம் காலுக்கு இறங்கிப் புண்ணாகிவிட்டது. அவரிடம் நான் எந்தப் படத்தையும் காட்டப் போவதில்லை. இனி எழுதாதீர்கள்.

உங்கள் தங்கையின் கலியாணம் நடந்தது எந்த வருஷம்? எந்த மாதம்?

மதுஷா


பண்டாரவளை
2025 மே 11

மதுஷாவுக்கு,

எழுதாதே என்று சொல்லிவிட்டுக் கேள்வியும் கேட்டிருக்கிறாய். "நீ" என்றுதான் எழுதுவேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடு.

2001, வைகாசி. உனக்கு ஆறு வயது இருக்கும். எதற்காகக் கேட்டாய்? இல்லாத சாமானுக்கு வருஷமும் மாதமும் எதற்கு? உனக்கு ஏதோ நினைவு வந்திருக்கிறது.

போன கிழமை வெலிமடைக்கு வந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடிவிட்டு, உங்கள் வீட்டு ரோட்டுக்கும் வந்தேன். எதிர்ப் பக்கத்தில் லீக்ஸ் மரக்கறி ஏற்றிக்கொண்டு நின்ற லொறிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். உன் அம்மா காலில் துணிக்கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய் நான்கு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன். அந்தக் கட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். பாவம் பார்த்து என்று நினைக்காதே. நோயாளியோடு சண்டை போட்டால் ஜெயிக்க முடியாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இருபத்து நான்கு வருஷமாக நான் அவரைத் திட்டாத நாள் கிடையாது. கொள்ளி வைக்கும்போதும் மனசுக்குள் திட்டினேன். அந்த நட்டைப் பார்த்த நாளிலிருந்து திட்ட முடியவில்லை. அப்பா வரத்தான் இருந்திருக்கிறார். வேட்டி கட்டி, வண்டியில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். அவர் ஏமாற்றவில்லை, அவரை ஏமாற்றியிருக்கிறார்கள். ஜீவராணியிடமும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு உலையில் அரிசி போடப் போய்விட்டாள்.

கழற்றச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். சாமானைக் கொடுத்துவிடுங்கள். வேறெதுவும் கேட்க மாட்டேன்.

கிருஷ்ணராஜ்


பண்டாரவளை
2025 ஜூலை 6

மதுஷாவுக்கு,

இரண்டு மாதம் ஆகப் போகிறது. பதில் இல்லை. சாமான் உங்களிடம் இல்லையென்றால் இல்லை என்று இன்னொரு தரம் எழுதியிருப்பாய். எழுதாமல் இருப்பதே பதில்தான்.

ஆவணி பிறந்தால் கலியாணம். இந்த மாதம் முடிவதற்குள் ஒன்றும் வராவிட்டால் உன் தபால் கந்தோருக்கே வந்து, முத்திரை வாங்க நிற்கிற வரிசையில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்பேன். உன் அம்மாவின் உடம்பைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

கிருஷ்ணராஜ்


வெலிமடை
2025 ஜூலை 19

திரு. கிருஷ்ணராஜ் அவர்களுக்கு,

அம்மாவின் உடம்பைச் சொல்லி இனி யாரும் தப்பிக்கப் போவதில்லை. ஜூன் மாதம் போய்விட்டார். உங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருப்பீர்களா? வந்தாலும் இன்னொரு தேத்தண்ணியை மறுத்துவிட்டுப் போயிருப்பீர்கள்.

இன்றைய தபாலில் தனிப் பொதியாக உங்கள் சாமானை அனுப்புகிறேன். "இல்லை" என்று ஏப்ரலில் எழுதியது பொய். படத்தைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் விதைக் கிழங்கு அறைக்குக் கதவு ஒழுங்காக நிற்காது. அது மூடிக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த இரும்பு அதுதான். நான் அதைப் பார்த்தே வளர்ந்தவள். கால் பெருவிரலை எத்தனையோ தரம் அதில் இடித்திருக்கிறேன். அது என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கதவுக்கு முட்டு, அவ்வளவுதான்.

பொய் எழுதிவிட்டு அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். மறைக்கவே இல்லை. "ஆமா, நான்தான் கழட்டச் சொன்னேன்" என்றார். கலியாணத்துக்கு முதல் நாள் அப்பா முடி வெட்டப் போயிருந்த நேரம், ரோட்டோரக் கராஜிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து கழற்றியிருக்கிறார். "அங்க போனா அவரு திரும்பி வரமாட்டாருன்னு பயந்துட்டேன். சின்னப் புள்ளய வெச்சுக்கிட்டு நான் எங்க போறது?" என்றார். அந்தச் சின்னப் பிள்ளை நான்.

இதுவரை நீங்கள் நினைத்தது சரி. இங்கேயே நிறுத்திவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன். மே மாதக் கடிதத்தில்தான் முதல் தடவையாக "அப்பா" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு எனக்குப் பதில் எழுத வரவில்லை. ஆனால் அம்மா போன பிறகும் பழி முழுவதையும் அவர் தலையிலேயே வைத்து எழுதுகிறீர்கள். அதனால் மிச்சத்தையும் கேளுங்கள். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"விடிய எந்திரிச்சுக் குளிச்சு, புது வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கிட்டு வண்டியில ஏறுனாரு. ஸ்டியரிங்கு சும்மா சுத்துச்சு. எறங்கி, வேட்டியோட அடியில படுத்துப் பாத்தாரு. எந்திரிச்சப்ப முதுகெல்லாம் மண்ணு. நான் அந்த இரும்பைக் கையில வெச்சுக்கிட்டு முன்னாடியே போய் நின்னேன். 'இந்தா இருக்கு. மாட்டிக்கிட்டுப் போறதுன்னா போ. போனா இந்த வாசலுக்கு வராதே'ன்னேன். பிடுங்கிக்கிட்டு அடிப்பாருன்னு நெனச்சேன். அடிச்சிட்டுப் போயிருவாருன்னு நெனச்சேன். அவரு அந்த இரும்பையே பாத்தாரு. பொறவு கைய கழுவுனாரு. வேட்டிய மாத்துனாரு. உள்ள வந்து ஒக்காந்து, பிளேன்டீ ஒண்ணு குடுன்னாரு."

அம்மா அதை விதைக் கிழங்கு அறை வாசலில் போட்டிருக்கிறார். ஒளித்து வைக்கவில்லை. "எடுக்கணும்னா எடுக்கட்டும்னு அவரு கண்ணுல படுற எடத்துலதான் போட்டேன். எடுக்கல" என்றார்.

அப்பா தினமும் அதைக் காலால் தள்ளிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவார். வருஷக்கணக்காக வாடகைக் கார் ஓட்டியவருக்குத் தன் வண்டியின் சாமான் தெரியாதா? மாட்ட எத்தனை நேரம் ஆகும் என்று உங்கள் ஷிபானைக் கேளுங்கள்.

காரை விடுங்கள். வெலிமடையிலிருந்து பதுளைக்கு பஸ் இல்லாத நாள் உண்டா? மகள் கலியாணத்துக்குப் போக வேண்டும் என்று நினைத்த மனுஷனுக்குக் கார்தான் வேண்டுமா? என் அம்மா கழற்றியது ஒரு இரும்பை. பஸ்ஸை அவர் நிறுத்தி வைக்கவில்லை.

எனக்கும் இது சந்தோஷமில்லை. எங்களுக்காகத்தான் அவர் தங்கினார் என்று நம்பி வளர்ந்தவள் நான்.

மதுஷா


பண்டாரவளை
2025 ஆகஸ்ட் 3

மதுஷாவுக்கு,

பொதி வந்தது. துரு பிடித்திருந்தாலும் பல் தேயவில்லை. ஷிபான் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, மாட்டிவிட்டான். கேட்கச் சொன்னாயே, கேட்டேன். "அரை மணித்தியாலம் கூட எடுக்காது" என்றான். போதுமா?

உன் அம்மா போன செய்திக்கு நான் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அனுதாபம் என்று எழுதினால் பொய். சொல்லாமல் விட்டது நல்லதுதான்.

நேற்று வண்டியைத் தெமோதரை வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் சொன்னபடி கேட்கிறது. வழி முழுக்க உன் கடிதம்தான் மண்டைக்குள் ஓடியது. பிளேன்டீ கேட்டாராம். அந்த நேரம் ஜீவராணி பூ வைத்த தலையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உன் அம்மா செய்ததைவிட, அதைச் சொல்லிவிட்டுச் செத்தது பெரிய கெடுதல். எனக்கு ஒரு அப்பா சில மாதம் மட்டும் கிடைத்தார். அதையும் நீ பிடுங்கிக்கொண்டாய்.

நீ எழுதியதை ஜீவராணியிடம் நான் சொல்லப் போவதில்லை. உன் அம்மா இரும்பைக் கழற்றி ஒளித்துவிட்டார், அதனால்தான் அப்பா வரவில்லை, அவ்வளவுதான் கதை என்று சொல்லிவிட்டேன். உன் அம்மாவை அவள் திட்டுகிறாள். திட்டட்டும். செத்தவருக்குக் காது கேட்காது. உயிரோடு இருக்கிறவளுக்கு ஒரு அப்பா இருந்தால் நல்லது.

இதோடு நமக்குள் ஒன்றும் இல்லை.

கிருஷ்ணராஜ்


வெலிமடை
2025 ஆகஸ்ட் 14

திரு. கிருஷ்ணராஜ் அவர்களுக்கு,

செத்தவருக்குக் காது கேட்காதுதான். எனக்குக் கேட்கிறது.

உங்களுக்கு ஒரு அப்பா வேண்டும், ஜீவராணி அக்காவுக்கு ஒரு அப்பா வேண்டும். அதற்காக என் அம்மா திருடியாகவும் சூனியக்காரியாகவும் ஸ்பிரிங்வெளி முழுக்கப் பேசப்பட வேண்டுமா? அவர் ஒளிக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார். அந்தத் தைரியம் உங்கள் அப்பாவுக்கு இருக்கவில்லை. ஆமாம், "உங்கள் அப்பா" என்றே எழுதுகிறேன். இந்தத் தடவை அவரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு எழுதிய முழுவதையும் ஜீவராணி அக்காவுக்கும் எழுதி நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். கலியாணத்துக்கு முன்னால் எழுதியது தப்பு என்பீர்கள். எந்த நேரத்தில் எழுதியிருந்தாலும் நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள்.

மதுஷா


ஸ்பிரிங்வெளி, கீழ்ப்பிரிவு
2025 செப்டம்பர் 21

மதுஷாவுக்கு ஜீவராணி எழுதுறது. நானும் வீட்டு ஆளுங்களும் சொகம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி. நீ தனியா இருக்கேன்னு அண்ணன் சொல்லுச்சு. வேளைக்குச் சாப்புடு.

எனக்கு எழுத்து அவ்வளவா வராது. பேசுற மாதிரிதான் எழுதுறேன். பிழை இருந்தா ஒதுக்கிட்டுப் படி.

ஒன் கடுதாசி கலியாணத்துக்கு முன்னாடியே வந்துச்சு. படிச்சிட்டு அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடி வெச்சேன். அண்ணன்கிட்ட காட்டல. நீ அதுக்குக் கடைசியாப் போட்ட கடுதாசிய அது பிரிச்சே பாக்கலயாம். அந்த நேரத்துல அது மொகத்தைப் பாக்கணுமே, ராத்திரி பகலா அந்த வண்டியத் தொடச்சுக்கிட்டு.

கோவம் இருக்கு ஒன் மேல, மொதல்ல அதைச் சொல்லிடுறேன். ஒங்கம்மா செத்ததைச் சொல்லாம விட்டது தப்பு. சொல்லியிருந்தாலும் நாங்க வந்திருக்க மாட்டோம். ஆனா சொல்லியிருக்கணும். வர்றதும் வராததும் எங்க இஷ்டம். சொல்ல வேண்டியது ஒன் கடமை. ஒங்கம்மாவை நான் திட்டுனதுக்கு மன்னிப்புக் கேக்கல. அந்தம்மா கழட்டச் சொன்னது நெசந்தானே? வருசக்கணக்கா பழகிப்போன திட்டு. செத்தவங்கன்னு இனிக் கொறச்சுக்கிறேன்.

கலியாணம் நல்லா நடந்துச்சு. அண்ணன் வண்டிய வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டுனப்ப லயமே கூடிருச்சு. ஆனா எம்மவ தர்ஷிகா அதுல ஏறல. மாப்பிள்ளை வீட்டுல பெரிய காரு ஒண்ணைப் பூவெல்லாம் சுத்தி அனுப்பியிருந்தாங்க. "மாமா, இதுல சேலை கசங்கும், அது அவங்க அனுப்புனது, நான் என்ன பண்ண"ன்னு சொல்லிட்டு அதுல ஏறிப் போயிட்டா. அதுவும் சரிதானே? அவளுக்கு இந்த வண்டி வெறும் பழைய வண்டி. அண்ணனுக்கு மொகம் செத்துப் போச்சு. ஷிபான் தம்பி பக்கத்துல நின்னு தரையப் பாத்துச்சு. சரின்னு நான் ஏறி முன் சீட்டுல ஒக்காந்தேன். "எடுண்ணே, நேரமாகுது"ன்னேன். எங்க மாமியார் வாசல்ல நின்னு வாயத் தொறக்காமப் பாத்துச்சு.

திரும்பி வரும்போது நாங்க ரெண்டு பேரு மட்டுந்தான் வண்டியில. பதுளை தாண்டி மேல ஏறிக்கிட்டு இருக்கோம். அண்ணன் ஒங்கம்மாவைத் திட்டிக்கிட்டே வந்துச்சு. "அவங்க மட்டும் அந்த இரும்பை ஒளிக்காம இருந்திருந்தா அப்பா வந்திருப்பாரு ஜீவா"ன்னுச்சு. நான் கேட்டுக்கிட்டே வந்தேன். எனக்காகத்தான் அப்படிச் சொல்லுதுன்னு தெரியுது. பெரிய மனுசன், தலையெல்லாம் நரைச்சுப் போச்சு, ஒரு பொய் ஒழுங்காச் சொல்லத் தெரியல. பொறுக்க முடியல.

"பஸ்ஸுல வந்திருக்கலாமேண்ணே"ன்னு சொன்னேன்.

அண்ணன் வண்டிய மெதுவாக்கிருச்சு. "ஒனக்கு யாரு சொன்னா? அந்தப் புள்ள எழுதுனாளா?"ன்னுச்சு.

அவ எழுதுனா, ஆனா அதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்னேன்.

தெரியாம எப்படி மதுஷா? அன்னைக்கு வாசல்ல நின்னது நான்தானே. நீங்கெல்லாம் கார், கார்னு எழுதிக்கிட்டு இருக்கீங்க. கார் வராதுன்னு எனக்குக் கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சு போச்சு. அம்மாவும் அண்ணனும் காரைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் பாத்தது பஸ்ஸை. எங்க வாசல்ல இருந்து பாத்தா கீழ வளைவு தெரியும். பஸ்ஸு வந்து நிக்கும். ஆளுங்க எறங்குவாங்க. தூரத்துல தலை தெரியாது, நடை மட்டுந்தான் தெரியும். அவரு நடை எனக்குத் தெரியும். அடுத்த பஸ்ஸுல வருவாருன்னு சொல்லிக்குவேன். அதுலயும் ஆளுங்க எறங்குவாங்க. கொழுந்து லொறியில ஏத்துனப்ப எல்லாரும் நான் லொறிக்கு அழுறேன்னு நெனச்சாங்க. லொறியில போறதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. லொறி கெளம்பி வளைவுக்கு வரும்போது இன்னொரு பஸ்ஸு ஏறி வந்துச்சு. அதையும் எட்டிப் பாத்தேன்.

இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. அண்ணன் அந்த மனுசனைத் திட்டித் திட்டியே தெம்பா இருந்துச்சு. இந்த வருசம் திட்டுறதை விட்டுட்டு, அப்பா, அப்பான்னு கொழந்த மாதிரி பேச ஆரம்பிச்சிருச்சு. அதைப் போய் நான் எப்படிக் கெடுக்குறது? எனக்குத் தெரியக்கூடாதுன்னு அது மறைச்சுது. அதுக்குத் தெரியக்கூடாதுன்னு நான் மறைச்சேன்.

அண்ணன் வண்டிய ஓரமா நிப்பாட்டிருச்சு. ஸ்டியரிங்கு மேல தலைய வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் இருந்துச்சு. அது முதுகைத் தடவலாமான்னு நெனச்சேன், தடவல. வண்டி பாதி ரோட்டை மறிச்சுக்கிட்டு நின்னிருக்கு. பின்னாடி வந்த ஆளு ஹார்ன் அடிச்சு, எட்டிப் பாத்து சிங்களத்துல ஏசுனான். அண்ணன் மொகத்தைத் தொடச்சுக்கிட்டு வண்டிய எடுத்துச்சு. வீட்டுக்கு வந்து ரெண்டு தட்டுச் சோறு சாப்புட்டுச்சு.

நீ எழுதுனது தப்பில்ல. எழுதுன நேரந்தான் தப்பு.

பதில் போடுறதும் போடாததும் ஒன் இஷ்டம்.

ஜீவராணி